விபத்தில்லா ஆண்டு

உங்கள் அறையில் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றுகிறது, ஐயா. எங்கள் அலுவலகத்தில் யாராவது பேச வேண்டுமென்றால் முதலில் அதை நிறுத்த வேண்டும். குறையாகச் சொல்லவில்லை. பாய்லர் ஆய்வாளனுக்கு இரைச்சல் பழகிவிடும்.

நீங்கள் விசாரிக்கும் அந்த ஆலையின் தலைமை நிர்வாகி என் சகலை, என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். உறவு இருக்கிறது என்று மேலிடத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்தேன். வேறு ஆளில்லை, நீயே போ என்றார்கள்.

அவர் நல்ல மனிதர். அதுதான் சிரமம். போன முறை அவர் வீட்டு விருந்தில் அவரே என் தட்டில் பரிமாறிக்கொண்டே சொன்னார்: "சகல, இன்னும் எத்தன நாள் அந்த ஸ்கூட்டரோட மல்லுக்கட்டுவீங்க? எங்கிட்ட வந்துடுங்க. இப்ப வாங்கறதவிட மூணு மடங்கு தர்றேன்."

"அக்காவும் நல்ல வீட்டுக்குக் குடிபோவாளே, அத்தான்" என்றாள் அவர் மனைவி.

என் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் குடித்தாள்.

அவர் சம்பளத்தில் எனக்கு வயிற்றெரிச்சல் கிடையாது. விபத்தில்லாமல் ஓர் ஆண்டு போனால் அவருக்குத் தனி வெகுமதி உண்டு. என் பல வருடச் சம்பளத்துக்குச் சமம். விபத்து நடக்காமல் பார்த்துக்கொண்டது யார்? விரிசல் விட்ட குழாய்களைக் குனிந்து தடவிப் பார்த்தவன் நான். பாராட்டு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டியவனும் நான்தான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தான குறை என்றால் அறிக்கைக்குக் காத்திருக்க மாட்டோம். அங்கேயே வாயால் சொல்லி, சரிசெய்த பிறகுதான் நகர்வோம். விதியில் அது இல்லை. ஒரு வாரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறது.

அன்று நான் ஆய்வுக்குப் போனபோது பாதுகாப்பு வால்வைக் கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நீராவி மிஞ்சினால் தானாகத் திறந்து வழிவிட வேண்டிய வால்வு அது. பாய்லரை இயக்குபவர் தலையைச் சொறிந்தார்.

"அடிக்கடி தெறந்துக்குது சார். வேல நின்னா மேலருந்து திட்டு விழுது. நீங்க வந்தா அவுக்கச் சொல்லுவீங்கன்னு தெரியும். பாருங்க, கட்டிங் பிளேயரக் கையிலயே வெச்சிருக்கேன்."

நானும் சிரித்தேன். "அறிக்கை வரும்" என்றேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அவிழ்க்கச் சொல்லாததால் கம்பி இருக்கலாம் போலும் என்று எடுத்துக்கொண்டார். பிளேயர் அவருடைய சட்டைப் பைக்குள் போனது.

அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. முதல் வரியே கம்பியைப் பற்றித்தான். அதை இழுப்பறையில் வைத்துவிட்டுத் தினமும் காலையில் செய்தி கேட்டேன். வாரம் முடிவதற்குள் பாய்லர் வெடித்தது. மூன்று பேர் இறந்தார்கள். பிளேயர் வைத்திருந்தவரும் அவர்களில் ஒருவர்.

கட்டியது ஆலை. அவிழ்க்கச் சொல்லாமல் வந்தது நான், தெரிந்தேதான். வெடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். நினைத்தேன். அந்த ஒரு வருடமாவது சகலைக்கு அந்த வெகுமதி கிடைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நீங்கள் விசாரிக்க வேண்டியது வேறொன்று இருக்கிறது, ஐயா. சகலையை வேலையிலிருந்து அனுப்பும்போது நிறுவனம் ஒரு தொகை கொடுத்திருக்கிறது. நான் ஓய்வுபெறும்வரை உழைத்தாலும் அவ்வளவு சேராது. மூன்று உயிர் போன இடத்தில், ஒரு மனிதர் அதை எந்த மனதோடு கைநீட்டி வாங்குகிறார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.