தொட்டியின் பாரம்

செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரிந்தவர்கள் குறைவு, மேடம். உங்கள் ஸ்டேஷன் ஜன்னலோரத் தொட்டியைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. குடித்து மிஞ்சிய தண்ணீரை யாரோ தினமும் அதில் கொட்டுகிறார்கள். இலையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. பாசம் என்று நினைத்துக்கொண்டு வேரை அழுகவைக்கிறார்கள்.

நான் வளர்ப்பது மிளகாய். உச்சி வெயிலில் அதன் இலை தொங்கிப்போகும். பார்க்கிறவர்கள் ஐயோ பாவம் என்று ஓடிப்போய் ஊற்றிவிடுவார்கள். அது தாகம் இல்லை, வெறும் களைப்பு. வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துவிடும். இலையை நம்பக் கூடாது, தொட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் கனக்கும், காய்ந்தால் லேசாகும். பால்கனியில் பதினாறு தொட்டி வைத்திருந்தேன். தினமும் காலையில் பதினாறையும் தூக்கிப் பார்த்த பிறகுதான் குழாயைத் திறப்பேன். பதினொரு வருடப் பழக்கத்தில், கை வைத்தவுடனே எதற்கு அரை தம்ளர், எதற்கு ஒன்று என்று சொல்லிவிடுவேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றித்தானே கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன்.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதும் உத்தியோகம் அவருக்கு. ஊரார் தண்ணீரை அளந்த கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்கவில்லை. வெளியூர் கிளம்புகிற நாளில் நான் தண்ணீர் குடிக்கக் கூடாது, அதுதான் அவர் வைத்த சட்டம். வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்வேனாம், அது அவருக்கு அவமானமாம். "குடிச்சாத்தானே போகணும்? குடிக்காதே, முடிஞ்சுபோச்சு" என்பார். ஒன்பது மணி நேரப் பயணம், மடியில் பால்குடிக் குழந்தை. பக்கத்தில் அவர் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடிப்பார். பிறகு மூடியை இறுக்கித் தன் காலடியில் வைத்துக்கொள்வார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். "என் தம்பிக்கு வாய்ச்சவ வாயில்லாப் பூச்சி" என்று அவர் அக்கா பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வாள்.

சிறுநீரகத்தில் கல் வந்து நான் சுருண்டு கிடந்தபோது டாக்டர் கேட்டார்: "தண்ணியே குடிக்க மாட்டீங்களாம்மா?" நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். "அவளுக்கு அந்தப் பழக்கமே இல்ல டாக்டர். தலைபாடா அடிச்சுக்கறேன், கேக்க மாட்டேங்கறா." நான் பல்லை நறநறவென்று கடித்தேன். வலியில் கடிக்கிறேன் என்று நினைத்து ஒரு ஊசி போட்டார்கள். அது வலியில்லை மேடம், ஆத்திரம். அதற்கு ஊசி கிடையாது.

மகள் கல்யாணமாகிப் போன வருடம் மிளகாய் போட்டேன். ஒவ்வொரு வேளையும் அதில் ஒன்றைப் பச்சையாகக் கடித்துக்கொண்டுதான் சாப்பிடுவார். "உன்னை மாதிரியே இருக்கு. உறைப்பே இல்ல" என்பார். பத்து வருடம் இதே நக்கல். காய்க்கிற சமயத்தில் தண்ணீரைக் கொஞ்சம் இறுக்கினால் காரம் ஏறும். போன வருடம் இறுக்கினேன். ஒரு கடி கடித்தவர் கண்ணும் மூக்கும் ஒழுக உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படிக்குப் போய்ச் சிரித்தேன். அது அவர் காதில் விழுந்துவிட்டது.

அடுத்த வாரம் அவர் அக்கா வீட்டுக்கு ஐந்து நாள் கிளம்பினோம். நல்ல கோடை. செடிக்கு ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சாவி கொடுத்திருந்தேன். படியிறங்கும்போது அவர் அதைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டது எனக்குத் தெரியாது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு சாவியை எடுத்து என் முன்னால் ஆட்டிக் காட்டினார். "அஞ்சு நாள் தண்ணி இல்லைன்னா செத்தா போயிடும்?" என்றார்.

செத்துப்போயின. பதினாறில் பதினான்கு. திரும்பி வந்து ஒவ்வொரு தொட்டியாகத் தூக்கினேன். காலி டப்பாவைத் தூக்குகிற மாதிரி இருந்தது. அவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. வாராவாரம் ஒரு நர்ஸம்மா வீட்டுக்கு வந்து பார்ப்பார். அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்: "சாய்ச்சு உக்காரவச்சு ஸ்பூன்ல குடுங்கம்மா. அவசரப்பட்டா புரையேறிடும். ஒரு நாளைக்கு எட்டு தம்ளர். அவரா கேக்க மாட்டாரு, நீங்கதான் நேரம் பாத்துக் குடுக்கணும்." எட்டுக் கட்டம் போட்ட தாளைச் சுவரில் ஒட்டினார், கொடுக்கக் கொடுக்க டிக் போட வேண்டும். ஒரு தம்ளருக்கு அரை மணி நேரம் ஆகும். நான்கு மாதம் எட்டும் கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எட்டும் கொடுத்தால் விரிப்பு நாலு தடவை நனையும். ஒரு நாள் மூன்றாவது விரிப்பை அலசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது ஞாபகம் வந்தது. குடித்தால்தானே போக வேண்டும். முப்பத்தொரு வருடம் எனக்குச் சரியாக இருந்த சட்டம் அவருக்குச் சரிப்படாமலா போகும்? அன்றைக்கு நாலு தம்ளர். அடுத்த வாரம் இரண்டு. டிக் மட்டும் எட்டு விழுந்தது.

கண்ணுக்கு முன்னால் பச்சையாக ஏதாவது இருந்தால் மனதுக்கு நல்லது என்று நர்ஸம்மா சொன்னதால், பிழைத்த இரண்டு செடிகளில் ஒன்றை அவர் அறை ஜன்னலில் வைத்தேன். காலையும் மாலையும் தூக்கிப் பார்த்து நிதானமாக ஊற்றுவேன். தண்ணீர் விழுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தொண்டை ஏறி இறங்கும். கண்ணோரத்தில் நீர் வழியும், துடைத்துவிடுவேன். சில நாளில் அதுவும் நின்றுவிட்டது. துடைக்கிற வேலை மிச்சம்.

நர்ஸம்மாவுக்கு ஒரு தடவை சந்தேகம் வந்தது. "நாக்கு ஏம்மா இப்படிக் காஞ்சு கிடக்கு? எட்டும் குடுக்கறீங்கல்ல?" தாளைக் காட்டினேன். "வாயைத் திறந்துக்கிட்டே தூங்கறாரு சிஸ்டர்" என்றேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். "உங்களை மாதிரி யாரு பாத்துப்பாங்க" என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறுவாரம் அவர் லீவு. அந்த வாரம் தம்ளரை எடுக்கவே இல்லை. ஸ்பூனால் உதட்டை நனைத்ததோடு சரி.

இப்போது நீங்கள் நல்ல மனதோடு ஒரு வழி காட்டுகிறீர்கள். "பேச முடியாத மனுஷன். தாகம்னு அவருக்கும் சொல்ல முடியல, உங்களுக்கும் புரியல. அப்படித்தானேம்மா நடந்தது?" என்கிறீர்கள். புரியவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் மேடம், எனக்கு ரோஷம் வரும். காலையில் விரிப்பு மாற்ற அவரைத் தூக்குகிறவள் நான்தான். முதலில் தூக்க இரண்டு கையும் இடுப்பும் வேண்டியிருந்தது. பிறகு இரண்டு கை போதும் என்றானது. தம்ளரை நிறுத்திய ஐந்தாம் நாள் காலை ஒரே கையால் புரட்டினேன். பாரம் பார்க்கத் தெரிந்த கை இது. என்ன அர்த்தம் என்று நன்றாகத் தெரிந்தது. அவரைத் திரும்பப் படுக்கவைத்தேன், போர்வையைச் சரிசெய்தேன், செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மூச்சு இல்லை. கொன்றது நான்தான். ஆனால் கொடுமைக்காரி என்று எழுதாதீர்கள். ஒரு உயிர் வாடினால் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவள் நான், அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள்.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? போடுகிறேன். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். வீட்டைப் பூட்டி இரண்டு நாள் ஆகிறது, சாவி உங்கள் இழுப்பறையில் இருக்கிறது. ஜன்னலில் இருக்கிற செடிக்கு யாரையாவது அனுப்பி ஒரு தம்ளர் ஊற்றச் சொல்லுங்கள். பாவம், வாயில்லா ஜீவன். தாகம் எடுத்தால் அதற்குக் கேட்கத் தெரியாது.