வண்டியை ஓட்டியது நான்

எனது பெயர் மாரிசெல்வி, வயது 24, தகப்பனார் பெயர் கோமதிநாயகம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். தற்சமயம் தண்டலத்தில் வாடகை அறையில் தங்கி, ஒரகடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில், தயாராகி வரும் வண்டிகளை ரோலரில் ஓட்டிச் சோதிக்கும் வேலை செய்து வருகிறேன். இளம்பரிதி என்பவர் என்னைப் பைக்கில் கடத்திப் போகப் பார்த்ததாக என் தகப்பனார் கொடுத்த புகார் சம்பந்தமாக விசாரித்ததில், யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே சொல்வதாவது:

பென்னலூரைச் சேர்ந்த மேற்படி இளம்பரிதி எங்கள் லைனில் ஹேண்டில்பார் பொருத்துபவர். நாள் முழுக்க வண்டி செய்கிற அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆயுத பூஜை விடுப்பில் ஏற்காடு, ஊட்டி, வால்பாறை, மூணாறு என்று என் வண்டியில் மலை மலையாகச் சுற்றிவர நான் திட்டம் போட்டு, கூட வருகிறீர்களா என்று அவரைக் கேட்டேன். "நான் பின்னாடி குந்திகினு வந்தா போதும்ல?" என்றார்.

கொண்டை ஊசி வளைவில் பின்னால் இருப்பவரும் வண்டியோடு சேர்ந்து சாய வேண்டும். அவரோ, இங்கே சும்மா ஏற்றிப் பார்த்தபோதே பயத்தில் எதிர்ப்பக்கம் சாய்ந்தார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் சேரப்பணஞ்சேரி பக்கம் லாரி வராத சாலையில், பயணத்தில் இருக்கப்போகிற பாரத்துக்காகப் பைகளையும் கட்டி, அவரை ஏற்றி, வளைத்து வளைத்து ஓட்டிப் பழக்கினேன். பிரேக் பிடித்தால் அவர் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் முட்டும்.

அப்படி ஒரு ஞாயிறன்று, அங்கே வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன் இசக்கிபாண்டி, வண்டி நம்பரை வைத்து என்னைக் கண்டுகொண்டு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறார். இருவரும் ஹெல்மெட், ஜாக்கெட் போட்டிருந்தோம். முன்னால் இருப்பவன் ஆண், பின்னால் இருப்பவள் நான் என்று அவராகவே முடிவு கட்டி, கட்டியிருந்த பைகளைப் பார்த்து ஓடிப்போகிறோம் என்றும் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு இன்று காலை என் தகப்பனார் வந்து புகார் கொடுக்க, போலீசார் இளம்பரிதியை ஷிப்டிலிருந்து இந்த நிலையத்துக்குக் கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்து, என்னையும் வரச் சொல்லி, என் வண்டிச் சாவியை வாங்கி வைத்தார்கள். "ஏட்டி, வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், கெளம்பு" என்றார் தகப்பனார். வர முடியாது என்றேன்.

அதன் பிறகு நான் கேட்டதன் பேரில், உதவி ஆய்வாளர் நிலைய வளாகத்தில் இளம்பரிதியை வண்டி எடுக்கச் சொன்னார். கிளட்சை விட்டதும் வண்டி துள்ளி நின்றுவிட்டது. மறுபடியும் அப்படியே ஆனது. பிறகு தலைமைக் காவலர் ரத்னா அவர்களைப் பின்னால் ஏற்றி நான் எட்டுப் போட்டுக் காட்டினேன். "நல்லாத்தான் ஓட்டுது பொண்ணு" என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கி, சாவியை மறுபடி வாங்கிக்கொண்டார். என் தகப்பனார் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அவன் ஒன்னையக் கூட்டிட்டுப் போகலயா?" என்றார். "நாந்தாம்ப்பா அவரக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

எங்களுக்குள் காதலா என்று கேட்கப்பட்டது. அதை மூணாறு போய் வந்து நாங்களே பேசிக்கொள்வோம், காவல் நிலையத்தில் சொல்ல வேண்டியதில்லை. கடத்தல் வழக்கு போட்டே தீர வேண்டுமென்றால் என் மேல் போடட்டும். சாவியை வாங்காமல் நான் இங்கிருந்து நகர மாட்டேன்.

முதலில் போலீசார் எழுதியதில் 'இளம்பரிதி என்னை ஏற்றிச் சென்றார்' என்று இருந்தது. அதை அடித்து, 'நான் இளம்பரிதியை ஏற்றிச் சென்றேன்' என்று திருத்திய பிறகே, முழுவதும் நானே படித்துப் பார்த்து, நான் சொன்னபடியே இருக்கக் கண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
கோ. மாரிசெல்வி