யானைக்கும் கவர்

— எல்லாத்துக்கும் பிளாஸ்டிக் கவர் போட்டாச்சாம்மா?

— போட்டாச்சு சார். யானைக்கும் போட்டாச்சு.

— நக்கலா? இது லைப்ரரி. கதைப் பெட்டிக்குள்ள வைக்க மண்ணு, புல்லு, சாக்குன்னு லிஸ்ட் போட்டிருக்கே. நீ கதை சொல்றியா, இல்ல தோட்ட வேலை பாக்கறியா?

— சனிக்கிழமை கதையில குட்டி யானை காட்டுல அம்மாவைத் தேடுது சார். சாக்குதான் யானைத் தோலு. புல்லு, காடு. ஈர மண்ணு, மழை பெஞ்ச தரை. பிள்ளைங்க தொட்டுத் தொட்டுக் கதை கேக்கும்.

— புஸ்தகத்துல படம் இருக்கில்ல? காட்டு. முடிஞ்சுது கதை.

— போன வாரம் அதைத்தான் காட்டினேன். எல்லாப் பிள்ளையும் சிரிச்சுது. புதுசா சேர்ந்த பாப்பா மட்டும் பக்கத்துப் பையனை என்ன என்னன்னு கேட்டா. கொஞ்ச நேரத்துல கேக்கறதையும் விட்டுட்டா. இந்த வாரமும் இப்படின்னா இனிமே கூட்டிட்டு வரலைன்னு அவங்கம்மா சொல்லிட்டாங்க. இந்தப் பெட்டியே அவளுக்காகத்தான்.

— கவனிக்காத ஒரு பிள்ளைக்கு இவ்வளவு கூத்தா?

— மாடியை விட்டு ஒரு நாள் இறங்கி வந்து அவளைப் பாத்திருந்தா இப்படிச் சொல்ல மாட்டீங்க.

— நான் பாக்க வேண்டியது ஃபைலை. ஒரு பிள்ளை மண்ணை வாயில போட்டா யாரு பதில் சொல்றது? நீயா?

— பக்கத்துல நான் உக்காந்திருக்கேன்ல சார். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தறீங்க.

— பழமொழியெல்லாம் பிள்ளைங்களுக்குச் சொல்லு. கவர் இல்லாம ஒரு பொருளும் உள்ள போகாது.

— சரி. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு கவர் போட்டு ஒட்டியிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டு பெட்டிக்குள்ள கையை விட்டு நீங்களே சரி பாத்துடுங்க.

— கண்ணை எதுக்கு மூடணும்?

— சும்மா மூடுங்க சார். கையெழுத்தெல்லாம் அப்படித்தானே போடறீங்க.

— உன் வாய் இருக்கே. சரி, மூடிட்டேன்.

— கையில என்ன இருக்கு?

— கவர்.

— அது யானை. அடுத்தது?

— இதுவும் கவர்.

— அது காடு. அதுக்கு அடுத்தது?

— கவர்தான். எல்லாம் ஒரே வழவழன்னு இருந்தா எது எதுன்னு எப்படிம்மா தெரியும்? போதும், நான் கண்ணைத் திறக்கறேன்.

— திறங்க சார். திறந்தா உங்களுக்குத் தெரியும். அந்தப் பாப்பாவுக்குத் திறந்தாலும் தெரியாது.