கெமோமில் ஜாடியில் ஒரு சிட்டிகை

— திரும்ப ஊதச் சொன்னாங்களா, இல்லையா?

— மூணு தடவை ஊதினேன். மூணு தடவையும் மெஷின் கத்துச்சு.

— குடிக்கலன்னு சொல்ல வேண்டியதுதானே! வாயைத் தைச்சா வச்சிருந்தாங்க?

— சொன்னேன். குடிச்சவன் எல்லாம் இதைத்தான்யா சொல்றான்னு மேனேஜர் சிரிச்சார். சாவியை வாங்கிக்கிட்டு, வீட்டுக்குப் போய்ட்டு பதினோரு மணிக்கு விசாரணைக்கு வான்னுட்டார். என் பஸ்ஸை வேற டிரைவர் எடுத்துட்டுப் போனான்.

— எட்டு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் டியூட்டியில சேர்றீங்க. முத நாளே இப்படியா? ஏங்க, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. வழியில எங்கயாவது நின்னீங்களா?

— எங்கயும் நிக்கல. வீட்டை விட்டா டிப்போ. உம்மேல சத்தியமா, நான் எந்தக் கடைப் பக்கமும் தலை வச்சுப் படுக்கல.

— அப்ப சரி. ஊரே நம்பலன்னாலும் நான் நம்புறேன். மெஷின்தான் கோளாறா இருக்கும். காலைல என்ன சாப்பிட்டீங்க?

— நீ குடுத்ததுதான். ரெண்டு பிரெட், அப்புறம் நீ புளிக்க வச்ச அந்தக் கொம்புச்சா.

— முத நாள் டியூட்டின்னு சட்டைப் பட்டனையே மாத்திப் போட்டீங்களே, அதான் ரெண்டு கிளாஸ் ஊத்தினேன். அதுல என்னங்க இருக்கு? எதிர்வீட்டு நர்ஸக்காவோட மாமியார்கூட குடிக்கிறாங்க. அவங்களாவது டீத்தண்ணியில சர்க்கரை போட்டுப் புளிக்க வைக்கிறாங்க. நம்மளதுல டீயே கிடையாது, தூக்கத்துக்குப் போடுற கெமோமில் பூ மட்டும்தான்.

— பாதிக்குப் பாதி டீத்தூள் சேர்க்கணும்னுதானே அந்தக்கா சொல்லிக் குடுத்தாங்க?

— சொன்னாங்க. டாக்டர்தான் ராத்திரி டீயே ஆகாது, தூக்கம் கெடும்னாரே. நீங்க நாலு மணி வரைக்கும் விட்டத்தைப் பார்த்துக்கிட்டுக் கிடந்ததை நான்தானே பார்த்தேன். அதான் பூவை மட்டும் போட்டேன். முத தடவை நல்லா வந்துச்சு. அடுத்த தடவை மேல படியிற ஆடை காகிதம் கணக்கா மெலிஞ்சுடுச்சு. மூணாவது தடவை ஒரு குமிழி வரல. அந்த ஆடைக்கு டீத்தூள்தான் சாப்பாடாம், பூவுல ஒண்ணுமே கிடைக்காதாம். அக்கா அப்புறம்தான் விவரமா சொன்னாங்க. பாவம், பட்டினி போட்டுட்டேன்.

— இப்ப மூடியைத் திறந்தா பொங்கி வழியுதே?

— அது... நான் ஒண்ணு பண்ணேன். சிரிக்கக்கூடாது.

— சிரிக்கிற நிலைமையிலயா இருக்கேன்?

— பேக்கரியிலேர்ந்து ஒரு சிட்டிகை ஈஸ்ட் கொண்டாந்து போட்டேன். இருபது வருசமா மாவு பிசையிறவளுக்கு, பொங்காததைப் பொங்க வைக்கத் தெரியாதா? கூட ரெண்டு கை சர்க்கரை. பாட்டில்ல ஊத்தி, மூடியை இறுக்கி, அடுப்புப் பக்கத்துல வச்சேன். மறுநாளே நுரை தள்ளிடுச்சு. மூணு வாரமா அப்படித்தான் போடுறேன். ஏன் இப்படிப் பாக்குறீங்க?

— பேக்கரியில பிசைஞ்ச மாவை மறந்து ராத்திரி பூரா விட்டுட்டா, காலைல என்ன வாடை அடிக்கும்?

— அதுவா? குப்புன்னு சாராயம் மாதிரி... ஐயோ. ஐயய்யோ!

— உக்காரு முதல்ல.

— என் கையாலயா? என் கையாலயேவா ஊத்திக் குடுத்தேன்? குடியை விட்டப்ப நீங்க வேர்த்துக் கொட்டி, போர்வையைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்த நாளெல்லாம் பக்கத்துல உக்காந்திருந்தவ நான். பாவி, நானே கெடுத்தேனே! ஒரு வாய் குடிச்சுப் பார்த்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும். புளிப்பு வயித்துக்கு ஆகலன்னு தொட்டே பாக்கல. பூ வாசனையில மத்த வாசனையும் தெரியல. அறுபது பேரை ஏத்திக்கிட்டு நீங்க வண்டியை எடுத்திருந்தா?

— விடு. நீ தெரிஞ்சா செஞ்ச?

— பதினோரு மணிக்கு நானும் வர்றேன். இந்தப் பாட்டில், ஈஸ்ட் பாக்கெட், எல்லாத்தையும் எடுத்துட்டு வர்றேன். நம்ம பொண்ணுகிட்டயும் நான்தான் பேசணும். நேத்துதான் போன்ல உங்களை அப்பான்னு கூப்பிட்டா. எத்தனை வருசம் ஆச்சு அந்த வார்த்தையைக் கேட்டு! அப்பா நிஜமாவே விட்டுட்டார் போலம்மான்னு அழுதா.

— அவகிட்ட எதுவும் சொல்லாத. நீ டிப்போவுக்கும் வராத. நான் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுறேன்.

— என்னன்னு? குடிச்சேன்னா? இதுதான் கடைசி வாய்ப்புன்னு எழுதி வாங்கியிருக்காங்களே! வேலை போகும், லைசென்சும் போகும். செய்யாத தப்புக்கு எதுக்குங்க? என்னைக் காப்பாத்தவா? எனக்கு என்ன வந்துடப் போகுது, புத்தி கெட்ட பொம்பளைன்னு நாலு பேர் சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும்.

— நான் சொல்றதைக் கேளேன்.

— கேக்க மாட்டேன். மூஞ்சியைக் கழுவிட்டு வந்துடுறேன், கிளம்பலாம். அந்த மேனேஜர் மேஜை மேல பாட்டிலை வச்சு அடிச்சுச் சொல்லுவேன். ஊத்திக் குடுத்தவ நான்தான்யா, அதுல என்ன இருக்குன்னு இந்த மனுசனுக்குத் தெரியவே தெரியாதுன்னு.

— அதை மட்டும் சொல்லிடாத. மூணு வாரம் முன்னாடி, முதல் மடக்கு தொண்டையில இறங்கும்போதே எனக்குத் தெரிஞ்சிடுச்சு.