வலதுபக்கம் பேசியவர்

மணி மூன்றரை. ராத்திரி மூன்றரை இல்லை... பிற்பகல். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நேரம். பேய் பிசாசெல்லாம் இருட்டில்தான் வரும், விளக்கைப் போட்டால் போய்விடும் என்று நம்மில் பாதிப் பேர் தைரியமாக இருக்கிறோமே... அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலைச்சாலை அந்த இடத்தோடு முடிகிறது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. இன்னொரு பக்கம் ஒன்றுமே கிடையாது, காற்றுதான். சாலை முனையில் ஒரு வேன். உள்ளே டிரைவர் மட்டும். மற்றவர்கள் கீழே, பாறைப் பிளவுக்குள், என்றோ பாழாய்ப்போன ஒரு ஊரைப் பார்க்க இறங்கியிருக்கிறார்கள். ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

இது என்னோடு வேலை பார்க்கிற நண்பனின் தாய்மாமனுக்கு நடந்தது. அவன் கதை கட்டுகிற ஆள் இல்லை. இதைச் சொன்னபோது அவன் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

மாமாவுக்கு கைடு வேலை. காலையில் கூட்டிப்போய் இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடுகிற ஒருநாள் டூர். வீட்டிலும் வெளியிலும் அவருக்குப் பெயர் ரேடியோ. காலையில் வாயைத் திறந்தால் படுக்கிறவரைக்கும் மூட மாட்டார். "இந்த மனுஷனுக்கு சத்தத்தக் குறைக்கிற பட்டன எங்க வச்சாங்கன்னே தெரியலயே" என்று அத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்புவாள். மாமாவுக்கு அதில் பெருமைதான். குரல் அப்படி. கணீரென்று, கடைசி ஆள் வரைக்கும் போய்ச் சேரும். மைக் தேவைப்பட்டதில்லை.

அன்றைக்கு வந்தது சின்னக் கூட்டம். ரிட்டயர் ஆன ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், அவர் மனைவி. புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அப்புறம் அக்காவும் தங்கையுமாக இரண்டு டீச்சர்கள். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஒரே வீடு, ஒரே பள்ளிக்கூடம். அக்கா நிறையக் கேள்வி கேட்கிறவள். தங்கை அவளுக்குக் குடை பிடிக்கிறவள்.

மாமா கையில் ஒரு குச்சி, அதன் நுனியில் சிவப்புத் துணி. கூட்டத்தில் யாரும் வழி தவறாமல் இருக்க, கைடுகள் தூக்கிப் பிடிப்பார்களே, அதுதான். வேனில் ஏறும்போதே ஸ்டேஷன் மாஸ்டர் வம்புக்கு இழுத்தார். "தம்பி, முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ். சிவப்பக் காட்டினா எனக்குக் கால் தன்னால நின்னுடும். ஒரு பச்சைத் துணி கெடைக்கலியா உங்களுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள்.

வேன் நிற்கிற இடத்திலிருந்து கல்படிகள் கீழே இறங்கும். இறங்கினால் வறண்ட ஆற்றுப்படுகை. மணலும் கூழாங்கல்லும். இரண்டு பக்கமும் பாறை, அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு கோடாகத்தான் தெரியும். அந்தப் படுகையிலேயே நடந்தால் பாறையைக் குடைந்து கட்டிய அந்தப் பழைய ஊர். போகும் வழியில் பாதிதூரத்தில், ஒரு பிளவு மட்டும் தனியாகப் பிரியும். ஆள் நுழைகிற அகலம்தான். கொஞ்சதூரம் போய்ப் பாறையில் முட்டி நின்றுவிடும். பார்க்க ஒன்றும் இல்லாததால் மாமா யாரையும் அதற்குள் கூட்டிப்போனதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே மழையைக் கண்ணால் பார்க்க முடியாது. எங்கேயோ மேல்மலையில் கொட்டும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் சுவர் மாதிரி வரும். கீழே போனில் சிக்னல் கிடையாது. அதனால் மேல்மலைப் பக்கம் வானம் கறுத்தால் டிரைவர் ஹாரனைக் கையெடுக்காமல் அழுத்த வேண்டும் என்பது ஏற்பாடு.

பாழூரைப் பார்த்து முடித்தாயிற்று. கூரையில்லாத சபை மண்டபத்தில் நின்று மாமா வழக்கமான ஜோக்கையும் சொல்லியாயிற்று. "ராஜா உட்கார்ந்த எடம் இது. இப்ப நீங்கதான் ராஜா. ஆனா டீ வேணும்னா ராஜாவா இருந்தாலும் மேல ஏறித்தான் ஆகணும்!" அக்கா டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்பு ஒரு தினுசு... விக்கல் மாதிரி முடியும்.

அப்போதுதான் ஹாரன்.

நீளமாக. விடாமல்.

மாமாவுக்கு அர்த்தம் புரிந்தது. ஆனாலும் பதறவில்லை. "சரி, டீ ஆறுதாம். கொஞ்சம் எட்டி நடங்க" என்று சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தார். பின்னால் மணல் நறநறக்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. படியடிக்கு வந்து திரும்பிப் பார்க்கிறார்... புது ஜோடி. தங்கை டீச்சர். அவ்வளவுதான்.

"மத்தவங்க எங்க?"

"பின்னாடியேதான் வந்தாங்க" என்றான் புதுமாப்பிள்ளை.

"எங்கக்கா..." என்று தங்கை திரும்ப ஓடப் போனாள்.

மாமா குறுக்கே கையை நீட்டினார். "நீங்க ஏறுங்கம்மா. நான் கூட்டிட்டு வரேன்."

அன்றைக்கு மாமா பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

ஓடினார். படுகையில் யாரும் இல்லை. காற்று திடீரென்று குளிர்ந்தது. ஈர மண் வாசனை. ஒரு பொட்டுகூட மழை இல்லை, வாசனை மட்டும். தனிப் பிளவு பிரிகிற இடத்துக்கு வந்தார். படிப்பக்கமிருந்து வருகிறவருக்கு அது வலதுபக்கம்.

உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"...மெதுவா வாங்க. அவசரமே இல்ல. இந்தச் சுவர நல்லா பாருங்க, உளி பட்ட தடம் இன்னும் இருக்கு..."

நல்ல குரல். கணீரென்ற குரல். கடைசி ஆள் வரைக்கும் போய்ச் சேர்கிற குரல்.

மாமாவின் குரல்.

எதிரொலி என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் அந்தச் சுவரைப் பற்றி அவர் என்றைக்கும் பேசியதில்லை. "வெளிய வாங்க!" என்று கத்த வாயைத் திறந்தார். காற்று வந்தது. சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றார். வெறும் காற்று. உள்ளே அந்தக் குரல் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தது... அது பேசுகிறவரைக்கும் தனக்குக் குரல் கிடையாது என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள்.

பிளவுக்குள் நுழைந்தார். இரண்டு தோளும் பாறையில் உரசின. ஒரு திருப்பம். அங்கே ஸ்டேஷன் மாஸ்டரும் மனைவியும் கைகோத்துக்கொண்டு நின்றார்கள். முகத்தில் புன்னகை. எதிரே ஒரு இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் யாரும் இல்லை. குரல் மட்டும் அங்கேயிருந்து வந்தது. ஒரு ஆள் நின்று பேசினால் எவ்வளவு உயரத்தில் வருமோ, அவ்வளவு உயரத்தில்.

மாமா ஸ்டேஷன் மாஸ்டரின் கையைப் பிடித்து இழுத்தார். அவர் வெடுக்கென்று உதறினார். ஏற இறங்கப் பார்த்தார். காலையிலிருந்து கூடவே வந்தவரை, முன்பின் பார்த்திராதவர் மாதிரி பார்த்தார்.

"யாருப்பா நீ? கைடு பேசிட்டிருக்காருல்ல? மரியாத தெரியாதா?"

அந்தக் குரல் பக்கத்திலேயே சிரித்தது. "பரவால்ல சார், விடுங்க. வழி தவறி வந்திருப்பாரு."

ஹாரன் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம் சேர்ந்திருந்தது. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி. தூரத்தில்.

பேச முடியாது. இழுத்தால் வர மாட்டார்கள். கையில் குச்சி இருந்தது. என்ன தோன்றியதோ... சிவப்புத் துணியைக் கிழவரின் மூக்குக்கு நேராகப் பிடித்துக் குறுக்கும் நெடுக்கும் வீசினார். வெறி பிடித்தவர் மாதிரி வீசினார்.

ஸ்டேஷன் மாஸ்டரின் கண் அந்தத் துணியில் நின்றது. முதுகு நிமிர்ந்தது. தூக்கத்தில் யாரோ உலுக்கிய மாதிரி விழித்தார். எதிரே இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "வாடி!" என்று மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

மாமா உள்பக்கம் பார்த்தார். அடுத்த திருப்பத்தில் அக்கா டீச்சரின் முதுகு தெரிந்தது. நிதானமாக நடந்துகொண்டிருந்தாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, கூட நடக்கிறவர் சொல்வதைக் காதில் வாங்குகிறவர்கள் சாய்ப்பார்களே, அப்படி. ஒரு பத்தடி எட்டியிருந்தால் பிடித்திருக்கலாம்.

வெளியே ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி தடுக்கி விழுந்து அலறினாள்.

பத்தடி உள்ளே ஒருத்தி. பத்தடி வெளியே ஒருத்தி.

மாமா வெளியே ஓடினார். அந்த அம்மாவைத் தூக்கி நிறுத்தினார். அதற்குள் புதுமாப்பிள்ளை படியிறங்கி ஓடி வந்திருந்தான். அம்மாவை அவன் தோளில் சாய்த்துவிட்டு மாமா மறுபடி பிளவுக்குள் புகுந்தார். பாதத்தில் ஜில்லென்று பட்டது. பார்க்கும்போதே கணுக்கால் ஏறிவிட்டது. காப்பி நிறத் தண்ணீர்.

"பார்த்து வாங்க, படி வழுக்கும்" என்றது அவர் குரல், உள்ளேயிருந்து.

அந்தப் பிளவில் படியே கிடையாது.

"உள்ள இன்னும் இருக்கா சார்?" அக்கா டீச்சர்தான். குரலில் அவ்வளவு ஆசை.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? இப்பத்தான ஆரம்பிச்சிருக்கு."

அவள் சிரித்தாள். விக்கல் மாதிரி முடிகிற அந்தச் சிரிப்பு.

தண்ணீர் மாமாவை அடித்துப் பாறையோடு அறைந்தது. நல்லவேளை, குச்சியை விடவில்லை. அம்மாவை ஸ்டேஷன் மாஸ்டரோடு படிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்த மாப்பிள்ளை அதன் மறுமுனையைப் பிடித்தான். அவரைப் படி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனதுதான் அவனுக்கே ஞாபகம். மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால் படுகை இல்லை. மரம், கல், நுரை, எல்லாம் உருண்டு போய்க்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது.

ஆனாலும் அந்தப் பேச்சு மட்டும் கேட்டது. மேலே நின்ற எல்லாருக்கும் கேட்டது. அவசரமே இல்லாமல்... ஒவ்வொன்றாக விளக்கிச் சொல்லிக்கொண்டு... மெல்ல மெல்லத் தூரமாகப் போயிற்று. எல்லாரும் மாமாவின் வாயையே பார்த்தார்கள். அது மூடியிருந்தது.

ராத்திரிக்குள் தண்ணீர் வடிந்துவிட்டது. மீட்புப் படை வந்தது, போலீஸ் வந்தது. பிளவின் அடி வரைக்கும் போய்த் தடவிப் பார்த்தார்கள். மூன்று பக்கமும் கெட்டிப் பாறை. உள்ளே போனது எதுவும் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். கீழே மைல் கணக்கில் தேடினார்கள். செருப்பு, கைப்பை, ஒரு துணி... எதுவும் கிடைக்கவில்லை. பிளவின் வாயை இரும்புக் கம்பி போட்டு அடைத்தார்கள். அதோடு சரி.

மாமா பேசவே இல்லை. தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்த டாக்டர், "கொழந்தை தொண்டை மாதிரி சுத்தமா இருக்கு, ஏன் பேச மாட்டேங்கறாரு?" என்று அத்தையைக் கேட்டார். அத்தை என்ன சொல்வாள்? சத்தத்தைக் குறைக்கப் பட்டன் தேடியவள், ஒரு வார்த்தைக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்கினாள். வேலையை விட்டாயிற்று. மாமா காலையில் எழுந்து ஜன்னலோரம் உட்காருவார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார்.

ஒரு வருஷம் போயிருக்கும். ஒருநாள் காலையில் குளியலறையிலிருந்து, "தண்ணி நின்னுபோச்சு" என்று சத்தம். கரகரவென்று, துருப்பிடித்த கீல் மாதிரி. ஆனால் மாமாதான். அத்தை கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். இரண்டு பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதார்கள். அதற்கப்புறம் மத்தியானம் வரைக்கும் நாலைந்து வார்த்தை பேசினார். என் நண்பனுக்கு அத்தை போன் போட்டாள். அவன் லீவு சொல்லிவிட்டு ஓடினான். அதனால்தான் அடுத்து நடந்ததற்கு அவனே சாட்சி.

அன்றைக்குச் சாயங்காலம் தங்கை டீச்சர் வந்தாள்.

இளைத்துப் போயிருந்தாள். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. காப்பி வேண்டாம் என்றுவிட்டாள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, மாமாவிடம் மெதுவாகப் பேசினாள்.

"நான் மாசாமாசம் போறேன் சார். அந்தக் கம்பிகிட்ட போய் உக்காந்துக்குவேன். நீங்க உள்ள பேசிட்டேதான் இருக்கீங்க. அக்கா கேள்வி கேக்கறா, நீங்க சலிக்காம பதில் சொல்றீங்க. அவ சந்தோஷமா இருக்கா சார்." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னிக்குக் காலையில போயிருந்தேன். நீங்க அப்பப்ப பேச்சை நிறுத்திட்டீங்க. ஒவ்வொரு தடவையும் இருட்டுல அவ தனியா கூப்பிட்டா... எத்தன தடவ கூப்பிட்டான்னு தெரியல."

அத்தை மாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குக் குரல் திரும்பினா நல்லதுதான். தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவளுக்கு அங்க வேற யாரு இருக்கா? கொஞ்சநாள் பொறுத்துக்குங்க சார். நான் போற வரைக்கும்."

"எங்க... போற வரைக்கும்?" என்று அத்தைதான் கேட்டாள்.

தங்கை டீச்சர் எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டாள். "கம்பி ஒரு பக்கம் பேந்திருக்குங்க. ஆள் நுழையலாம்."

மாமா துள்ளி எழுந்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தார்... கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. காற்று மட்டும்தான் வந்தது. மறுபடி முயன்றார். காற்று.

அவள் அவர் கையைத் தட்டிக்கொடுத்து மெல்ல விடுவித்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிச் சிரித்தாள்.

"கஷ்டப்படாதீங்க சார்... என்ன சொல்ல வந்தீங்களோ, அத நான் அங்க வந்து கேட்டுக்கறேன்."