ஏரல் போகும் புள்ளி

— அனுசியா, மேப்புல புள்ளி நகருதா?

— நகருது சார். முத்தையாபுரம் தாண்டிட்டு.

— பாத்தியா! வெள்ள மீட்பு ஒத்திகைக்கு நம்ம ஜீப்பு கிளம்பாதுன்னு சொன்னியே.

— கிளம்பாதுன்னு சொல்லல சார்... நேத்து டிராக்கரை மாட்டப் போனேன். ஜீப்புல பேட்டரி இல்ல. அதான் கேட்டேன்.

— பேட்டரி என்ன பெரிய பேட்டரி...

— இஞ்சினும் இல்ல சார்.

— மெதுவாப் பேசு பிள்ள.

— இந்த கண்ட்ரோல் ரூம்ல நம்ம ரெண்டு பேருதான் சார் இருக்கோம்.

— ...இஞ்சின் சர்வீசுக்குப் போயிருக்கு.

— எப்ப போச்சு?

— போன வெள்ளத்துக்கு முந்தி.

— அப்ப இப்ப நகருதது என்ன சார்?

— நீ மாட்டுன டிராக்கர்தான், ஒன்னோட ஹாம் ரேடியோ டப்பா. டிரைவர் ஜெபின் அதைக் கழட்டி, மஞ்சப்பையில போட்டு, ஏரல் பஸ்ல வச்சு விட்டுட்டான்.

— பஸ்லயா!

— மேலதிகாரி மேடம் பாக்கது மேப்பைத்தான? புள்ளி போவுது. அது போதும்.

— சார், போன வெள்ளத்துல செல் டவர் எல்லாம் படுத்துட்டு. எந்த வண்டி எங்க நிக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. இந்த டப்பா டவர் இல்லாமலே ரேடியோவுல ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா இருக்க எடத்தைச் சொல்லும். அதுக்குத்தான் மாட்டுனேன். எங்க ஊரு ஏரலுக்கு அங்கிட்டு, ஆத்தங்கரை. மறுபடி தண்ணி வந்தா இந்த ஜீப்புதான் வரணும்...

— வரும், வரும். தண்ணி வரட்டும், அப்பப் பாப்போம். ஏய்... புள்ளி ஏன் நின்னுட்டு?

— பழையகாயல் ஸ்டாப் சார். ஆளு ஏறுதாங்க.

— இரு, போன் வருது. மேடம்தான்... வணக்கம் மேடம், சுடலைக்கண்ணன் பேசுதேன்... ஆமா மேடம், நின்னு நின்னுதான் போவுது... வயசானவங்க, கர்ப்பிணிங்க... ஒவ்வொருத்தரா கையைப் பிடிச்சு ஏத்துதோம் மேடம்... ரொம்ப நன்றி மேடம்.

— என்ன சார் சொன்னாங்க?

— மனிதாபிமானத்தோட ஓட்டுதோமாம்! சென்னைக்கு எழுதப் போறாங்களாம்!

— சார், முக்காணில பத்து நிமிஷமா நிக்கு.

— கண்டக்டர் டீ குடிக்கானோ என்னவோ.

— ரிப்போர்ட்ல என்ன எழுத?

— முதலுதவின்னு எழுது.

— யாருக்கு சார்?

— பொதுமக்களுக்கு.

— ...எழுதிட்டேன் சார்.

— ஏரல் போனதும் மீட்புப் பணி வெற்றின்னு போட்டுரு. எத்தனை பேரை மீட்டோம்?

— பஸ்ல எத்தனை சீட்டு சார்?

— நக்கலா? ஜீப்புல அம்பது பேரு ஏறுவாங்களா? பதினொண்ணுன்னு போடு.

— சரி சார். புள்ளி மறுபடி கிளம்பிட்டு, ஏரலுக்கு இன்னும் கொஞ்ச தூரந்தான். சார்... மேடம் எங்க இருந்து பேசுனாங்க?

— ஆபீசுல இருந்துதான். ஏன்?

— பின்னால சத்தம் ஏதும் கேட்டுச்சா?

— என்னவோ ஆரன் சத்தம்... பூ விக்கவ ஒருத்தி கத்துனா... ஏ பிள்ள, என்ன சொல்லுத?

— மேடம் ஏரல் பஸ் ஸ்டாண்டுல நிக்காங்க சார்.

— அய்யய்யோ! அங்க எதுக்கு?

— ஜீப்பை வரவேற்க.

— ஜெபினுக்குப் போன் போடு! பஸ்ஸை நிறுத்தச் சொல்லு!

— ஜெபினும் பஸ்லதான் இருக்கானா சார்?

— இல்ல... பை மட்டுந்தான் இருக்கு. யாரு... யாரு அந்தம்மாவை அங்க வரச் சொன்னது?

— நாந்தான் சார். முத ஆளா ஜீப்புல ஏறணும்னு எங்கம்மா காலைல இருந்து துணிமூட்டையோட அங்கன நிக்கா. அவகூட நில்லுங்க மேடம்னு காலைலயே போன்ல சொன்னேன்.