உள் வேலைக்கு மட்டும்

மாமா: மணி ரெண்டே முக்கால், மச்சான்.

மச்சான்: சுவத்துலயும் அதான் காட்டுது. உட்காருங்க மாமா. ஆபீஸுக்குள்ள உங்களை எப்படி விட்டாங்க?

மாமா: உன் அக்கா புருஷன்னு சொன்னேன்.

மச்சான்: அதுக்கே விட்டுட்டாங்களா?

மாமா: அவசரம்னும் சொன்னேன். என்ன அவசரம்னு அவங்க கேட்கலை… யாருக்கோ சீரியஸ்னு நெனைச்சுக்கிட்டாங்க போல. ஒருத்தர் தண்ணி பாட்டில் கொடுத்து, தைரியமா இருங்கன்னாரு.

மச்சான்: போச்சு. இனி ஒவ்வொருத்தரா வந்து என்னைத் துக்கம் விசாரிப்பாங்க.

மாமா: விசாரிக்கட்டும். நாலு மணிக்கு என் கதை முடியப் போகுது. கொஞ்சம் முன்கூட்டியே வந்ததா இருக்கட்டும்.

மச்சான்: நாலு மணிக்கு என்ன?

மாமா: எங்க ஆபீஸுக்குப் பிஸ்கட் கம்பெனி வருது.

மச்சான்: பிஸ்கட் வந்தா சந்தோஷம்தானே…

மாமா: கேளு. அவங்க பாக்கெட் ஒட்டுற மெஷின் எல்லாம் பழசு. உள்ள ஓடுற ப்ரோக்ராமை எழுதினவங்க ஒருத்தரும் இப்ப இல்ல. அவங்க கையால எழுதின மூலப் பிரதியும் இல்ல. மிஞ்சினது மெஷினுக்குன்னு அரைச்சு வெச்ச ஆப்ஜெக்ட் ஃபைல் மட்டும். வெறும் ஒண்ணும் சைபரும். அதைத் திறந்து, எந்த வேலை எந்த இடத்துல இருக்குன்னு காட்டுறதுதான் என் ப்ரோக்ராம்.

மச்சான்: திறக்குறது நாங்க எழுதிக் கொடுக்கிற ப்ரோக்ராம் தொகுப்பு மாமா, எங்க லைப்ரரி. உங்க ப்ரோக்ராம் பக்கத்துல நின்னு கை தட்டும்.

மாமா: சரி, கை தட்டும். இன்னைக்கு அது நல்லாத் தட்டினா டீமுக்கு நான்தான் தலைவர். தட்டலைன்னா சொட்டை.

மச்சான்: எந்தச் சொட்டை? ரெண்டு வருஷம் முன்னாடி உங்க நாற்காலியை எடுத்துக்கிட்டாரே, அவரா?

மாமா: அவரேதான். இன்னமும் அதுலதான் உட்கார்ந்திருக்காரு. மச்சான்… காலையில இருந்து முண்டத்தைக் காணோம்.

மச்சான்: யாரை?

மாமா: முண்டத்தை. உங்க லைப்ரரில ஒரு ஃபங்ஷன் இருக்குமே, ஒரே ஒரு வேலையைச் செய்யுற துண்டு ப்ரோக்ராம். முன்பக்கம் சிதைஞ்சு போன ஃபைலைக்கூட எப்படியாவது திறந்துடும். தலை இல்லாமலே வேலை நடக்குறதால நான் வெச்ச பேரு. வீட்ல உன் அக்காகிட்டயும் அப்படித்தான் சொல்லுவேன்.

மச்சான்: இத்தனை நாளா என்னைத்தான் சொல்றீங்கன்னு நெனைச்சேன்.

மாமா: சில சமயம் உன்னையும்தான்.

மச்சான்: சரி. அந்த ஃபங்ஷன் எங்க இருந்துச்சு?

மாமா: உங்க… உள் ஹெடர் ஃபைல்ல. எந்தெந்த ஃபங்ஷன் இருக்குன்னு வரிவரியா அறிவிக்கிற பட்டியல்ல.

மச்சான்: அதுல முதல் வரி என்ன போட்டிருக்கு மாமா?

மாமா: ஞாபகம் இல்லையே.

மச்சான்: பெரிய எழுத்துல போட்டிருக்கு.

மாமா: "உள் வேலைக்கு மட்டும்"னு ஏதோ…

மச்சான்: ரெண்டாவது வரி?

மாமா: "வெளியாட்கள் இதை நம்பி எதையும் கட்ட வேண்டாம். சொல்லாமல் மாறும். சொல்லாமல் போகும்."

மச்சான்: ஞாபகம் இல்லைன்னு சொல்லிட்டு பாடம் மாதிரி ஒப்பிக்கிறீங்க.

மாமா: நான் வெளியாளா? நீ வீடு மாத்தினப்ப உன் பீரோவை மூணு மாடி தூக்கினவன் யாரு?

மச்சான்: பீரோ தூக்கினவங்களுக்கெல்லாம் உள் ஹெடர் கொடுக்கிறதில்லை. வெளியாட்களுக்குன்னு தனி ஃபைல் இருக்கு. அதுல அறிவிச்ச ஃபங்ஷனுக்கு நாங்க பொறுப்பு. உள் ஹெடர்ல இருக்கிறது எங்க அடுப்படி. நீங்க சாப்பிட வந்துட்டு, நேரா அடுப்படிக்குள்ள புகுந்து கரண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க.

மாமா: இப்ப அந்தக் கரண்டியை யார் எடுத்தா?

மச்சான்: துடைப்பம்.

மாமா: என்னது?

மச்சான்: எங்க டீம்ல புதுசா ஒரு அம்மா சேர்ந்திருக்காங்க. எதைப் பார்த்தாலும் சுத்தம் பண்ணுவாங்க. அதனால அந்தப் பேரு. என் மேசையைக்கூட பண்ணிட்டாங்க. மூணு நாளா என் கண்ணாடியைத் தேடுறேன்.

மாமா: கண்ணாடி மூக்கு மேல இருக்கு.

மச்சான்: இது பழசு. சரி, கேளுங்க. அந்த உள் ஹெடரை யாரும் கையால எழுதக் கூடாது. நாங்க ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேல ஒரு குறிப்பு எழுதி, அதுல ஒரு அடையாளம் போடுவோம். ஸ்க்ரிப்ட்னு ஒரு குட்டி ப்ரோக்ராம் எல்லா ஃபைலுக்குள்ளயும் போய், அடையாளம் போட்டதை மட்டும் பொறுக்கிட்டு வந்து அந்த ஹெடரைக் கட்டும். அதை ரொம்ப நாளா யாரும் ஓட்டலை. அந்தம்மா ஓட்டிட்டாங்க.

மாமா: ஓட்டினா என்ன ஆகும்?

மச்சான்: பழசு மொத்தமும் போயிட்டு புதுசா எழுதிக்கும். அடையாளம் போட்டது வந்துடும். யாராவது குறுக்கு வழியில நேரா ஹெடர்லயே எழுதி வெச்சிருந்தா… அது வராது.

மாமா: அப்போ முண்டத்தை எவனோ கையால எழுதி வெச்சிருக்கான்.

மச்சான்: இருக்கலாம்.

மாமா: கையால எழுதாதேன்னு அதுலயே போட்டிருக்குமே. மூணாவது வரி.

மச்சான்: போட்டிருக்கு.

மாமா: அதைப் படிச்சும் எழுதியிருக்கான்னா அவன் எப்பேர்ப்பட்ட ஆளு?

மச்சான்: ஏதாவது அவசரமா இருந்திருக்கும். நல்ல மனுஷனாக்கூட இருக்கலாம்.

மாமா: ஒரு அடையாளம் போட்டு முறையா எழுதினா கை வலிக்குமா?

மச்சான்: அடையாளம் போட்டா நாலு பேர் கண்ணுல படும் மாமா. ஏன் எழுதினே, யாருக்காக எழுதினேன்னு கேட்பாங்க. சத்தமில்லாம வேற ஒரு பெரிய மாற்றத்துக்குள்ள ஃபங்ஷனைச் சொருகிட்டு, ஹெடர்ல ஒரு வரியைப் போட்டா யாரும் பார்க்க மாட்டாங்க. தானா வர்ற ஃபைல்தானேன்னு அதை யாரும் படிக்கிறதில்லை.

மாமா: ரொம்ப விவரமா சொல்றே.

மச்சான்: பொதுவாச் சொன்னேன். தண்ணி குடிங்க.

மாமா: யாருக்காக எழுதியிருப்பான்?

மச்சான்: பாட்டில் உங்க கையிலதான் இருக்கு. குடிங்க.

மாமா: அங்க பாரு. கண்ணாடிச் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் நின்னு நம்மளைப் பார்த்துத் தலையை ஆட்டுறாரு.

மச்சான்: துக்கம் விசாரிக்கிறாரு. நீங்களும் ஒரு தடவை ஆட்டிடுங்க, போயிடுவாரு… பழைய வெர்ஷனை வெச்சு இன்னைக்கு ஒரு நாள் சமாளிக்க முடியாதா?

மாமா: பிஸ்கட் மெஷின் வகையை நீங்க புது வெர்ஷன்லதானே சேர்த்தீங்க. பழசுல முண்டம் இருக்கு, பிஸ்கட் இல்ல. புதுசுல பிஸ்கட் இருக்கு, முண்டம் இல்ல. அவங்க கொடுத்த ஃபைல்ல பாதி முன்பக்கம் சிதைஞ்சது. நாலு மணிக்குத் திரையைப் போட்டு, அத்தனை பேர் முன்னாடி… மச்சான், அதை எழுதினவன் யாருன்னு மட்டும் சொல்லு.

மச்சான்: தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?

மாமா: காலைப் பிடிப்பேன்.

மச்சான்: சேச்சே.

மாமா: நீ ஏன் காலை நாற்காலிக்கு அடியில இழுத்துக்கிறே?

மச்சான்: ஏசி.

மாமா: மேசை மேல உன் போன் அதிருது. உன் அக்கா.

மச்சான்: அப்புறம் பேசிக்கிறேன்.

மாமா: எடு. எடுக்கலைன்னா இருபது தடவை கூப்பிடுவா. நான் இங்க இருக்கேன்னு மட்டும் சொல்லாதே.

மச்சான்: எடுக்குறேன். மாமா, ஸ்பீக்கர் வேணாம்… அந்தப் பட்டனை ஏன் அமுக்குறீங்க…

அக்கா: யாருடா பட்டனை அமுக்குறது?

மச்சான்: லிஃப்ட் அக்கா. லிஃப்ட்ல இருக்கேன். கூட ஒருத்தர்.

அக்கா: அவரு இறங்கிட்டாரா?

மச்சான்: இன்னும் இறங்கலை. நான் அப்புறமா…

அக்கா: அவரு யாரோ, கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். இங்க கிளினிக்ல ரெண்டு பேர் வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, பல்லை எக்ஸ்ரே எடுக்கணும். சீக்கிரம் சொல்லிடுறேன். உங்க மாமா காலையில முண்டம் முண்டம்னு புலம்பிக்கிட்டே போனாரு. நீ ஒளிச்சு வெச்சதுக்கு என்னடா ஆச்சு?

மச்சான்: நான் எதையும் ஒளிக்கலையே.

அக்கா: ஏண்டா, நான் கெஞ்சிக் கூத்தாடி வைக்கச் சொன்னதை. சொட்டைக்கு நாற்காலி போன சமயம் மனுஷன் சாப்பிடாம சுவத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாரே. உடைஞ்ச ஃபைலைத் திறக்க முடியலை, அதனாலதான் போச்சுன்னு. நேரா எழுதிக் கொடுத்தா மச்சான் தயவு வேணாம்பாருன்னு, நீயும் நானும் பேசித்தானே அவர் கண்ணுல தானா படுற மாதிரி வெச்சோம்.

மச்சான்: லிஃப்ட்ல சிக்னல் சரியில்லைக்கா.

அக்கா: எனக்கு நல்லாத்தான் கேட்குது. மறுபடியும் அதே இடத்துல வெச்சிடு.

மச்சான்: இப்ப முடியாதுக்கா. துடைப்பம் இருக்காங்க.

அக்கா: துடைப்பம் இருந்தா எடுத்து ஓரமா வை.

மச்சான்: மனுஷிக்கா அது. அவங்களைத் தாண்டி இன்னைக்கு ஒரு வரிகூட உள்ள போகாது. ஆனா…

அக்கா: என்ன ஆனா?

மச்சான்: ஃபங்ஷன் எங்கேயும் போயிடலை. லைப்ரரிக்குள்ளேயே இருக்கு. இப்படி ஒண்ணு இருக்குன்னு வெளியே சொல்ற அந்த ஒரு வரி அறிவிப்புதான் போச்சு. அதை அவரே அவர் ப்ரோக்ராம்ல எழுதிக்கிட்டா இப்பவே ஓடும். அதுக்கு என்ன கொடுக்கணும், எந்த வரிசையில கொடுக்கணும், திரும்ப என்ன வரும்… அதை எழுதினவன்தான் சொல்லணும்.

அக்கா: நீதானே எழுதினே. சொல்லிடு.

மச்சான்: சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்பாரு.

அக்கா: அப்போ சொல்லாதே.

மச்சான்: நாலு மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்கக்கா. அவர் வேலை…

அக்கா: தெரியும்டா. அதைத் தானே தேடிக் கண்டுபிடிச்சதா அவரு யார்கிட்டதான் சொல்லலை. எங்க பல் டாக்டர் இவர் வாய்க்குள்ள பஞ்சை அடைச்சு வெச்சிருந்தாரு. அதோடயே சொன்னாரு. டாக்டருக்கு ஒண்ணும் புரியலை, ஆனா கை கொடுத்தாரு. பதவி போனா இன்னொண்ணு வரும். இது போச்சுன்னா மறுபடியும் சுவத்தைப் பார்க்க ஆரம்பிச்சிடுவாருடா… இரு, வெச்சிடாதே. இந்தப் பெரியவர் நடுவுல தும்மிட்டாரு, இன்னொரு தடவை எடுக்கணும். போனை இப்படியே வெச்சுட்டுப் போறேன். அதுக்குள்ள வேற வழி யோசி.

மச்சான்: மாமா.

மாமா: தண்ணி இருக்கா?

மச்சான்: நீங்கதான் குடிச்சு முடிச்சீங்க. மாமா, அவ உங்க நல்லதுக்குத்தான்… கோபம் இருந்தா என்னைத் திட்டிடுங்க.

மாமா: கோபம் எதுக்கு. எனக்கு அன்னைக்கே தெரியும்.

மச்சான்: எது?

மாமா: மொத்தமும். என் வேலையைப் பத்தி ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை உன் அக்கா. அன்னைக்குச் சாப்பாடு போட்டுக்கிட்டே சொல்றா, "அந்த உள் ஹெடர்ல ஏதாவது இருக்கான்னு பார்த்தீங்களா?"

மச்சான்: அந்த ரெண்டு வார்த்தையை அவளுக்கு ஒரு வாரம் சொல்லிக் கொடுத்தேன்.

மாமா: நல்லாத்தான் சொன்னா. போய்த் திறந்தா, மத்த வரியெல்லாம் பிடிச்சு அடுக்கின மாதிரி நேரா இருக்கு. கடைசியில ஒண்ணு மட்டும் கோணலா. அதுக்கு மேல ஒரு குறிப்பு. "மனம் தளர்ந்தவர்களும் இதைப் பயன்படுத்தலாம்."

மச்சான்: அது அக்கா போடச் சொன்னது.

மாமா: தெரியுது.

மச்சான்: அப்போ இன்னைக்கு இங்க வந்து என்னை இத்தனை கேள்வி கேட்டது?

மாமா: நீயா வாயைத் திறப்பேன்னு பார்த்தேன். எழுதினவன் காலைத்தானே நான் பிடிக்க முடியும்.

மச்சான்: காலை விடுங்க மாமா. நிஜமாவே பிடிக்கிறீங்களே. வெளியே பாருங்க, அந்த மனுஷன் கண்ணைத் துடைக்கிறாரு.

மாமா: வரியைச் சொல்லு.

மச்சான்: சொல்றேன், எழுதிக்குங்க. முதல்ல ஃபைல். ரெண்டாவது, எந்த இடத்துல இருந்து தேடணும்ங்கிற எண். மாத்திக் கொடுத்துடாதீங்க. திறந்தா திறந்த ஃபைல் வரும், இல்லைன்னா சைபர் வரும். இந்தாங்க, பேரு இப்படி எழுதணும்.

மாமா: ஆபீஸுக்கு அனுப்பிட்டேன்.

மச்சான்: என்ன சொல்றாங்க?

மாமா: இரு… போட்டுப் பார்க்குறாங்க… மச்சான், ஓடுது. பிஸ்கட் திறந்துடுச்சு. அத்தனையும் வரிசையா வருதாம்.

மச்சான்: அப்பாடா. கிளம்புங்க, நேரம் ஆகுது. அக்காகிட்ட சொல்லிடலாமா, உங்களுக்கு முதல்ல இருந்தே தெரியும்னு?

மாமா: மூச்சு விடாதே. என்னை ஏமாத்திட்டோம்னு அவளுக்கு எவ்வளவு சந்தோஷம். அது கெடக் கூடாதுன்னுதானே அப்புறமும் ஒரு வாரம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தேடுற மாதிரி இருந்தேன். உடனே கிடைச்சிடுச்சுன்னா அவளுக்கு என்ன திருப்தி?

மச்சான்: தேடாம என்ன பண்ணீங்க?

மாமா: கம்ப்யூட்டர்லயே சீட்டு விளையாடினேன். காலடிச் சத்தம் கேட்டா உங்க ஹெடரைத் திறந்து வெச்சுக்கிட்டு நெத்தியைத் தேய்ப்பேன்.

மச்சான்: மாமா… போன் இன்னும் லைன்லயே இருக்கு.

அக்கா: பெரியவர் பல்லு எக்ஸ்ரேல நல்லா விழுந்திருக்கு. நீங்க சொல்லுங்க. அந்த ஒரு வாரமும் அலாரம் வெச்சு எழுந்து எழுந்து உங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தேனே… அதைக் குடிச்சுட்டுச் சீட்டா விளையாடினீங்க?